சேலையும் சேலாயும்

இந்த மாதச் சுவர் இதழ் எங்கள் வகுப்பின் முறை. 'எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு' என்று தமிழ் ஐயா தலைப்பு கொடுத்ததும் கிரிக்கெட்டுக்கு நாலு பேர், கோலத்துக்கு மூணு பேர் கை தூக்கிட்டாங்க. நான் "தையல்" என்றேன். வகுப்பே சிரித்தது. திருப்பூர்ல தையல் பொழுதுபோக்கா? அது சோறாச்சே! நம்ம பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பனியன் கம்பெனிதான். எங்க வீட்டில் ரெண்டு பேருமே. அம்மா ஓவர்லாக், அப்பா பிளாட்லாக். காலையில் எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரிதான் வருவாங்க. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஊசியைப் பிடிக்கிறவங்களுக்குப் பைத்தியமான்னு நீங்க கேட்கலாம். அப்பாவும் அதையேதான் கேட்டார்.

நான் சொல்ல வந்தது மிஷின் தையல் இல்லை. கையால் தைக்கும் போர்வை. பழைய நூல் சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, குறுக்கே நூலோட்டம் போட்டுத் தைப்பது. எங்க அம்முச்சிக்கு (அம்மாவோட அம்மா) அதில்தான் உயிர். குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்கு வேர்வை உறிஞ்சும். கடையில் வாங்கின கம்பளியை அம்முச்சி தொடக்கூட மாட்டாது.

எங்களுடையது லைன் வீடு. ஆறு வீட்டுக்கு ஒரே குழாய். 2024 ஜூன் மாதம் பக்கத்து வீட்டுக்கு மேற்கு வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண் நம்ம பள்ளியிலேயே எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். உங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும், அதனால் பேர் எழுதவில்லை. (எழுதினா என்னைக் கொன்னுடுவா.) தண்ணி விடுகிற நாளில் அவங்க குடத்தை முன்னாடி வெச்சாங்க, நாங்க பின்னாடி தள்ளினோம். அவங்க ஏதோ சொன்னாங்க, நாங்களும் ஏதோ சொன்னோம். யாருக்கும் யார் பேசினதும் புரியலை. ஆனா சண்டை மட்டும் நல்லா நடந்தது. நான் அவளை 'இந்திக்காரி' என்பேன். அவங்க பேசுவது வங்காளி என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

2025 பொங்கல் முடிந்த வாரம். பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாகிவிட்டது. அவள் எங்க வாசலில் வந்து நின்னு, "பாட்டி, ஊசி இருக்கா? ஒரே ஒரு தடவை" என்று கேட்டாள். கையில் பள்ளிச் சீருடை, தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. அம்முச்சி, "இல்ல, போ கண்ணு" என்று சொல்லிவிட்டது.

நம்ம ஊரில் விளக்கு வெச்ச பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. எங்க வீட்டு ஜன்னலில் நூல் கோத்த ஊசி ரெண்டு பனியன் துணியில் குத்தி இருந்ததை அவள் பார்த்துட்டா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லலை. குடத்துச் சண்டை மனசுல இருந்தது.

மறுநாள் அவள் தோளில் சேஃப்டி பின் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். மதியம் அது கழன்று கிழிசல் பெரிசாயிடுச்சு. வகுப்பில் சிரித்தார்கள். யார் யார் சிரிச்சாங்கன்னு எழுத மாட்டேன். அதில் நானும் ஒருத்தி.

அன்று காலையில் இன்னொரு சங்கதி நடந்திருந்தது. எனக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. விடிந்ததும் விடியாததுமாக அம்முச்சி ஊசியை எடுத்துக்கொண்டு அவங்க வீட்டுக்குப் போயிருக்கு. "ராத்திரி கேட்ட புள்ளைக்கு இல்லேன்னு சொல்லிட்டேன், மனசு கேக்கல" என்று. அதற்குள் அவள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் கொடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்ததாம். பழைய சேலை, நாலைந்து அடுக்கு, குறுக்கே நெருக்கமாக நூலோட்டம். அம்முச்சி அதைத் தடவிப் பார்த்து, "இது நம்ம கந்தையல்லோ!" என்று சொல்ல, அந்த அம்மா முகம் மலர்ந்து, "காந்தா! காந்தா!" என்றார்களாம்.

அவங்க ஊரில் அதன் பேர் காந்தா. இதைப் பிற்பாடு தமிழ் ஐயாவிடம் கேட்டேன். வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி, நம்ம 'கந்தை'யும் அவங்க 'காந்தா'வும் அதிலிருந்துதான் என்று அகராதியைப் பார்த்துச் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் ஆனால் எங்க திண்ணையில் கூட்டம்தான். அவளும் நானும் முதல் நாலு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அம்முச்சியும் அவங்க அம்மாவும் மட்டும் ஓயாமல் பேசுவாங்க, ஆளுக்கொரு பாஷையில். அவங்க அம்மாவை அவள் சொல்லிக் கொடுத்தபடி 'காக்கிமா' என்போம். வங்காளியில் சித்தி முறை. எங்க தம்பி முதலில் போலீஸ் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

ஒரு நாள் காக்கிமா கையைக் காட்டி "சேலாய், சேலாய்" என்றார்கள். அம்முச்சி உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்து நீட்டியது. காக்கிமா தலையை ஆட்டி மறுபடியும் "சேலாய்" என்றார்கள். அம்முச்சி இன்னொரு சேலையைக் கொண்டு வந்தது. மூணாவது சேலை வரும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாட்டி, எங்க பாஷையில சேலாய்னா தையல்!" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அன்னிக்குத்தான் முதல் தடவை.

பிறகு எங்க வகுப்பிலிருந்து இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள். ஊசி கோத்துக் கொடுப்பது முதலில் எங்க வேலை. அம்முச்சிக்குக் கண்ணில் புரை, ஊசிக்காது தெரியாது. நூல் முழங்கைக்கு மேல் நீளமாக இருந்தால் சிக்கு விழும். மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்காது. நான் புத்திசாலித்தனமாகக் காதர்பேட்டையில் எடை போட்டு விற்கிற பனியன் கட் பீஸை வாங்கி வந்து நடுவில் வைக்கலாம் என்றேன். அம்முச்சி வேண்டாமென்றது. நான் கேட்காமல் ஒரு தலையணை உறை அளவுக்குத் தைத்துப் பார்த்தேன். பனியன் துணி ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னினது, இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். சேலை பாவும் ஊடையுமாக நெய்தது, நின்ற இடத்தில் நிற்கும். ரெண்டையும் சேர்த்துத் தைத்ததில் என் உறை அப்பளம் மாதிரி வந்தது. பாலியெஸ்டர் சேலையும் ஆகாது, வழுக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலைதான் வேணும்.

காக்கிமாவிடம் ஒரு வித்தை பார்த்து நாங்க எல்லோரும் வாய் பிளந்தோம். தைக்கிற வண்ண நூலைக் கடையில் வாங்கவில்லை. பழைய சேலையின் கரையிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி எடுத்து, ரெண்டு மூணு இழையைச் சேர்த்து முறுக்கி ஊசியில் கோத்துக்கொண்டார்கள். அவங்க ஊரில் அந்தக் காலத்திலிருந்து அப்படித்தானாம். "இத்தன வருசம் கரையக் கிழிச்சு வெளக்குத் திரி போட்டனே!" என்று அம்முச்சி தலையில் கை வைத்துக்கொண்டது.

சண்டையும் உண்டு. அம்முச்சிக்கு வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். காக்கிமாவுக்கு அரிசி அளவு தையல், வரிசையெல்லாம் ஒட்டி ஒட்டி வர வேண்டும். அம்முச்சி மெதுவாக என்னிடம், "இப்பிடித் தச்சா என்ற காலத்துல முடியாது சாமி" என்னும். ஆனால் அவங்க தைத்த பக்கத்தைத்தான் தடவிக்கொண்டே இருக்கும்.

அப்பா ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தார். இருபது வருஷம் மிஷினில் தைத்தவர், கையில் ஊசி கொடுத்தால் வரிசை பாம்பு மாதிரி நெளிந்தது. "காந்தித் தாத்தாவே தையல் மிஷினை வேண்டாம்னு சொல்லல" என்று எழுந்துவிட்டார். அது உண்மைதான், சமூக அறிவியல் டீச்சரைக் கேட்டேன். 1924ல் காந்தியடிகள் ஒரு பேட்டியில் இயந்திர மோகத்தை எதிர்த்துப் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தாராம். அதை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

ஜூன் மாதம் காக்கிமாவுக்குக் குழந்தை வரப்போவது தெரிந்தது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடாமல் பழந்துணியில் ஏந்துவது நம்ம பக்கத்து வழக்கம். அவங்க ஊரிலும் பழைய சேலையில் காந்தா தைத்துத்தான் குழந்தையைக் கிடத்துவார்களாம். அம்முச்சி பெட்டியிலிருந்து ஒரு சுங்குடிச் சேலையை எடுத்தது. மெரூன் நிறம், வெள்ளைப் புள்ளி. அம்மா முகம் மாறிவிட்டது. அம்மாவுக்குத் தொட்டில் கட்டினது அந்தச் சேலையில்தான்.

"அதப் போய் வெட்டறதா? எனக்கு வேணும்" என்றாள் அம்மா.

"பெட்டில இருந்தா பூச்சிதான் திங்கும். பாதிய வெட்டறேன், பாதி உனக்கு" என்றது அம்முச்சி.

காக்கிமாவும் தன் கல்யாணத்துக்கு அப்புறம் கட்டின ஒரு மஞ்சள் சேலையைக் கொண்டு வந்தார்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பாதியை ரெண்டாக மடித்தால் நாலரை அடி நீளம், ஏறக்குறைய நாலடி அகலம். ரெண்டு வீட்டுப் பாதிகளும் சேர்ந்தால் நாலு அடுக்கு. ஆக ரெண்டு சேலையில் ரெண்டு போர்வை, ரெண்டிலும் ஒரு பக்கம் மெரூன், ஒரு பக்கம் மஞ்சள். ஒன்று பாப்பாவுக்கு, ஒன்று எங்க வீட்டுக்கு. ஆகஸ்டில் தரையில் விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிவிட்டு ஆரம்பித்தோம். குழந்தையை உறுத்தும் என்று முடிச்செல்லாம் அடுக்குக்கு உள்ளே போய்விட வேண்டும்.

அந்த ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. நமக்கென்ன என்று நினைத்தேன். செப்டம்பரில் அப்பாவுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. பிறகு வாரம் நாலு நாள். அவங்க அப்பா வேலை பார்த்த இடத்தில் ஆர்டரே நின்றுவிட்டது. அக்டோபரில் தீபாவளிக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை, "வர்ற திங்கள் ஊருக்குப் போறோம்" என்றாள். திரும்பி வருவீங்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

போர்வையில் பாதிகூட முடியவில்லை. புதன் ராத்திரி முதல் தினமும் தைத்தோம். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது அல்லவா? அம்முச்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. பொழுதோட ஊசியெல்லாம் கோத்து ஆளுக்கு மூணு கொடுத்துவிட்டு, "பகல்லயே குடுத்தாச்சு" என்றது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவளும் நானும் ஒரே மூலையில் எதிரெதிராகத் தைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னேன். அன்னிக்கு அம்முச்சி ஊசி இல்லேன்னு சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று.

அவள் நிமிராமல், "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"கிளாஸ்ல நீயும் சிரிச்சே."

"ஆமா. சிரிச்சேன்."

அந்த வரிசை முடியும் வரை அவள் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கி வரிசை கோணலாகப் போனது. பிரித்துத் தைக்கலாமென்றால், "நேரமில்ல, உடு" என்று அம்முச்சி சொல்லிவிட்டது. அடுத்த வரிசைக்கு அவளிடம் நூல் தீர்ந்துவிட்டது. என் ஊசியை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசி ஓரம் மடித்துத் தைத்தது என் அம்மா. சுங்குடிச் சேலைக்கு அழுதாளே, அதே அம்மா.

இந்த ஜனவரியில் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அவள் வீடியோ கால் போட்டாள். பாப்பா மெரூன் பக்கத்தில் படுத்துக் கை காலை உதைத்துக்கொண்டிருந்தது. அம்முச்சிக்கு போனில் ஒன்றும் தெரியவில்லை. "நம்ம தையல் தெரியுதா?" என்று என்னைக் கேட்டது. அதற்குள் அவள் அந்த மூலையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, என் கோணல் வரிசையைக் காட்டி, "பாட்டி, இது யார் தைச்சது சொல்லுங்க" என்று என் மானத்தை வாங்கினாள்.

ரெண்டாவது போர்வை எங்க திண்ணையில்தான் இருக்கிறது. பதினோரு வரிசை ஆகியிருக்கிறது, இன்னும் நிறைய இருக்கு. ஞாயிறு மத்தியானம் யார் வேண்டுமானாலும் வரலாம், பையன்களும்தான். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் ஊசி கேட்டால் அம்முச்சி தராது.

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி