ஒட்டுப்பால் பேய்

டிம் பர்ட்டனின் 'வின்சென்ட்' ஆறே நிமிடப் படம். லோபாக்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, தம்பி மகளோடு உட்கார்ந்து போன வாரம் மறுபடி பார்த்தேன். 1982-இல் டிஸ்னியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபத்துச் சொச்ச வயது இளைஞர் பொம்மைகளை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஏழு வயது வின்சென்ட் மலோய் தன்னைப் பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸாகவே நினைத்துக்கொள்கிறான். கதை சொல்லும் குரலும் அதே பிரைஸுடையது. வெளியே வெயில் அடிக்கிறது, போய் விளையாடு என்கிறாள் அம்மா. அவனால் முடியவில்லை. கடைசியில் இருட்டுக்குள் தரையில் கிடக்கிறான். யாரும் வந்து விளக்கைப் போடுவதில்லை. அந்த முடிவுக்காகவே இந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

"பெரியப்பா, பொம்மைய யாரு ஆட்டுறா?" என்று கேட்டாள்.

"யாரும் ஆட்டலம்மா. தொட்டு நகர்த்திட்டு, கையை எடுத்துட்டுத்தான் படம் பிடிப்பாங்க."

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஒரு நிலைக்கு இரண்டு படம் என்று எடுத்தாலும் ஆறு நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் பொம்மையைத் தொட வேண்டும். தொட்ட கை மட்டும் எங்கேயும் தெரியக் கூடாது. சில சமயம் தெரிந்துவிடும். 1933-இல் வந்த 'கிங் காங்' குரங்குக்கு உள்ளே உலோக எலும்பு, அதன்மேல் ரப்பர் சதை, வெளியே முயல் தோல். வில்லிஸ் ஓப்ரையன் குழுவினரின் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்து, திரையில் அது சிலிர்ப்பதுபோல் ஆனது. எனக்கு அந்தப் படத்தில் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ரப்பர் சதை என்று முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைந்தது மலாயாவில். எந்தத் தோட்டத்துப் பால் அந்தக் குரங்கின் உடம்புக்குள் போனது என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் பாட்டி விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவார். அதில் ஒரு பிடி எப்படியோ லயத்து வீட்டுக்கு வந்துவிடும். இரவில் அதை உருட்டிக் கையும் காலும் பிடித்து, கண்ணுக்கு இரண்டு ரப்பர் கொட்டை பதித்து, மண்ணெண்ணெய் விளக்குக்குப் பின்னால் நிறுத்துவார். புளித்த நாற்றம் அடிக்கும். கதை தொடங்கும். தோட்டத்து எல்லையில் முனியாண்டி குதிரையில் வரும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, "கண்ண மூடுங்கய்யா" என்பார்.

மூடுவோம். திறந்தால் அது விளக்குக்கு முன்னால் நிற்கும். மறுபடி மூடித் திறந்தால் பாயின் ஓரத்தில். சுவரில் அதன் நிழல் கூரைவரை வளர்ந்திருக்கும். மூன்றாம் தடவை என் முழங்காலுக்குப் பக்கத்தில், தலை லேசாகத் திரும்பி, என்னையே பார்த்துக்கொண்டு.

ஒரு நாளும் நான் முந்திக் கண்ணைத் திறந்ததில்லை. திறந்திருந்தால் உளி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையைப் பார்த்திருப்பேன்.