வண்டிக்குள் இருந்த குரல்

பழுதான பொருளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது அரைநாள் வேலை என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். அந்த அரைநாள் வேலை ஒரு மாதமாக நீண்டது. நம் அகந்தையில் ஒரு பங்கைக் கரைத்தது. போய்விட்டதென்று நாம் கைவிட்டிருந்த ஒன்றை மீட்டும் தந்தது. சிறிய செய்திதான், ஆயினும் குடும்பத்தோடு வண்டியேறும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

நம் வீட்டில் ஒரு பழைய மெட்டாடோர் வண்டி உண்டு. இன்று போர்ஸ் மோட்டார்ஸ் என்றழைக்கப்படும் நிறுவனம், பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்தபோது செய்த வண்டி அது. மர்ஹூம் அத்தா அவர்கள் 1988-இல் ஜவுளி வியாபாரத்துக்காக அதை வாங்கினார்கள். சேலத்திலிருந்து ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி, திருச்செங்கோடு என்று சந்தை சந்தையாகக் கைலியும் துண்டும் கொண்டு செல்வார்கள். ஓர் ஊரில் சந்தை கலைந்து, மறுநாள் வேறோர் ஊரில் கூடும். இடைப்பட்ட இரவை எங்கே கழிப்பது? வண்டியிலேயே உறங்குவதென்று முடிவு செய்து, நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அதற்கேற்ப அமைத்துக் கொண்டார்கள். மடித்தால் இருக்கை, விரித்தால் படுக்கை, அதனடியில் துணிமூட்டைக்குப் பெட்டி, பின்கதவோரம் அடுப்புக்கு ஒரு தகரத் தட்டு. அந்நாளில் நாமக்கல் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி; தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆனால் லாரித் தொழிலில் அவ்வூர் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது.

வியாபாரம் நின்ற பிறகும் வண்டியை நாம் விற்கவில்லை. நாகூருக்கும் ஏர்வாடிக்கும் குடும்பம் முழுவதும் செல்லும்போது அதுவே நமக்கு வீடு. மக்ரிபுக்கு நிறுத்தி, ஓரமாகப் பாய் விரித்துத் தொழுது, அங்கேயே தேநீர் காய்ச்சிக் குடித்துப் புறப்படுவது நம் பிள்ளைகளுக்குப் பெருநாளைவிடப் பெரிய இன்பம்.

அந்த வண்டியின் முன்பலகையில் இரண்டு திருகுகளும், நடுவே நாடா நுழையும் வாயுமாக ஒரு ரேடியோ-டேப் பெட்டி இருந்தது. இன்றைய இளையோருக்கு இது புதுமையாகத் தோன்றலாம்: 1980-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் ரேடியோ வைத்திருக்கவே உரிமச் சீட்டு வேண்டும், அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டவேண்டும். ஒலிநாடாப் பேழையைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இலேயே உலகுக்குத் தந்துவிட்டது. எனினும் நம் தெருக்களுக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் வளைகுடா சென்று திரும்பிய நம் பிள்ளைகளே. நாகூர் ஹனிபா அவர்களின் குரல் வீட்டுக்கு வீடு ஒலித்ததற்கு அந்தப் பேழைக்கும் பங்குண்டு. எழுதப் படிக்கச் சிரமப்பட்ட தாய்மார்கள் துபாய்க்கும் குவைத்துக்கும் 'பேசும் கடிதம்' அனுப்பியதும் அதன் வழியாகத்தான்.

நம் சின்னத்தம்பி துபாயில் இருந்த காலம். 1994-இல் ஒரு நாள், அத்தா அவர்கள் வீட்டிலிருந்த டூ-இன்-ஒன் பெட்டியில் அவனுக்காகப் பேசிப் பதிந்தார்கள். தபாலில் சேர்க்குமுன் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வண்டிப் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி நாடாவை விழுங்கிவிட்டது. திருப்பினாலும் வரவில்லை, தட்டினாலும் வரவில்லை. 'போகட்டும்' என்று வேறு நாடாவில் பேசி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் அது வெறும் ரேடியோவாயிற்று. மத்திய அலையில் 936 என்ற எண்ணருகே முள்ளைக் கொண்டுபோய்த் திருச்சி நிலையத்தின் செய்தியைக் கேட்பது அத்தா அவர்களின் வழக்கம். 2003-இல் அவர்கள் மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளியாக்குவானாக! அதன்பின் சில ஆண்டுகளில் ரேடியோவும் ஊமையாயிற்று.

சென்ற ஆண்டு பேரப்பிள்ளைகள் பிடிவாதம் செய்தார்கள். கைப்பேசியிலுள்ளதை ஒலிக்கச் செய்யும் புதிய ஸ்டீரியோ வேண்டுமென்றார்கள். நாமும் இசைந்தோம். அம்மா மட்டும், "பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்குள் உங்கள் அத்தா பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்கள். நாம் புன்னகைத்தோம். முதுமையின் பேச்சென்று எண்ணிக்கொண்டோம். பெட்டியைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம்.

புதியதைப் பொருத்தும் வேலையை நாமே மேற்கொண்டோம். கூலியை மிச்சம் பிடிக்கும் எண்ணம் ஒன்று; 'இதிலென்ன இருக்கிறது?' என்ற மமதை மற்றொன்று. மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் இருக்கும் பேட்டரி முனைக்கு, சிவப்பு சாவி திருகினால் மட்டும் மின்சாரம் வரும் முனைக்கு, கறுப்பு வண்டியின் இரும்புடலுக்கு என்பது தெரிந்திருந்தது. ஒலிபெருக்கிகளுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என நான்கு இணைகள். பழைய பெட்டிக்கோ ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பிதான் சென்றது. மறுமுனை வண்டியின் இரும்பிலேயே முறுக்கப்பட்டிருந்தது. நாமும் அவ்வாறே செய்தோம். பெட்டி பாடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நாம் மீசையை முறுக்கிக்கொள்ளாத குறைதான்.

மறுவாரம் நாமக்கல்லில் ஒரு நிக்காஹ். இரவில் மல்லூரைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தோம். பின்படுக்கையில் மூன்று குழந்தைகள் உறக்கம். அவர்கள் காலடியில் எரிவாயு அடுப்பு. முதலில் ரப்பர் கருகும் நாற்றம். பிறகு முன்பலகையின் பின்னிருந்து வெண்புகை. வண்டியை ஓரங்கட்டி, குழந்தைகளை வாரியெடுத்துப் புளியமரத்தடியில் கிடத்திவிட்டு, பேட்டரியின் முனையைப் பிடுங்கியெறிந்தோம். கை சுட்டது. புகை அடங்கிற்று. அல்ஹம்துலில்லாஹ்! பயண துஆவை ஓதித்தான் புறப்பட்டிருந்தோம். ஆனால் துஆ ஓதியவன் தன் கடமையையும் செய்திருக்க வேண்டுமல்லவா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கட்டாத ஒட்டகத்தின் மேல் குழந்தைகளை உறங்க வைத்திருந்தோம்.

மறுநாள் நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும் தொலைவிலிருந்த ஒரு பட்டறையில், முதியவரான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தோம். நாற்பது ஆண்டு லாரிகளோடு பழகியவர். முன்பலகையைக் கழற்றிப் பார்த்து நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "ஏனுங்க பாய், இந்தப் பியூஸ் எடத்துல செம்புக் கம்பிய யாருங்க கட்டுனது?" என்றார்.

கட்டியது நாமே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் பியூஸ் போனபோது, அப்போதைக்குச் சமாளிக்கக் கட்டியது, பிறகு மறந்துபோனது.

அவர் கோபிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். "பன்னெண்டு வோல்ட்டுதானேன்னு நெனைக்கிறீங்க. தொட்டா அடிக்காதுதான். ஆனா பேட்டரிக்கு நேரா வழி கெடச்சா நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயுமுங்க. கம்பி பழுத்துப் போயிரும். பியூஸ் இருக்கறது பெட்டியக் காப்பாத்த இல்லீங்க பாய், கம்பியக் காப்பாத்த. அது செத்து மத்ததப் பொழைக்க வைக்கணும். நீங்க அதச் சாகவே விடலீங்க."

இரண்டாவது பிழையையும் காட்டினார். பழைய பெட்டிகளில் ஒலிபெருக்கியின் ஒரு முனையை வண்டியின் இரும்போடு சேர்ப்பது வழக்கம், அதனால் தீங்கில்லை. இன்றைய பெட்டிகளிலோ ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளிலுமே பேட்டரியின் பாதியளவு, ஏறத்தாழ 6 வோல்ட், நிற்கிறது. இரண்டுக்குமிடையே எழும் ஏற்ற இறக்கமே ஓசையாகிறது. அவற்றில் ஒன்றை இரும்பில் சேர்த்தால் உள்ளிருக்கும் பெருக்கி சூடேறிக் கருகும். பழைய பழக்கம் பழைய பெட்டிக்குச் சரி. புதிய பெட்டிக்கு அதுவே நஞ்சு. லாரிக்காரர்களின் கதையையும் சொன்னார். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் உறிஞ்சினால், அந்தப் பேட்டரி மெலிந்துபோகும்; மற்றது அளவுக்கு மீறி மின்னேறிக் கொதிக்கும். "ரெண்டு மாடு பூட்டுன வண்டியில ஒண்ணுக்கு மட்டும் தீனி குறைச்சா என்னாகும்ங்க?" என்று கேட்டார்.

நாம் வாங்கிய பெட்டி கருகிவிட்டது. வேறொன்று வாங்கினோம். அவர் செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தோம். பழைய முன்பலகையில் இருந்தவை திருகுகளுக்கான இரு துளைகளும் ஒரு சிறு பிளவும். புதிய பெட்டிக்கு 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் உள்ள திறப்பு வேண்டும். பலகையைத் தாறுமாறாக அறுக்காமல், பாடி கட்டும் பட்டறையில் தகடொன்றை அளவாக வெட்டுவித்துப் பொருத்தினார். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் இரட்டைக் கம்பி புதிதாக இழுத்தார். கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லுமிடமெல்லாம் ரப்பர் வளையம் போட்டார். இணைப்புகளை முறுக்கி விடாமல் ஈயப்பற்று வைத்தார். பேட்டரியின் அருகிலேயே 10 ஆம்பியர் பியூஸை மாட்டி, இன்னும் இரண்டைப் பொட்டலமாகக் கட்டி நம் கையில் கொடுத்தார். அப்பொட்டலம் தந்த வெட்கத்தை நாம் இன்னும் மறக்கவில்லை.

விடைபெறும்போதுதான் அம்மாவின் சொல் நினைவுக்கு வந்தது. பழைய பெட்டியைப் பற்றிச் சொன்னோம். "கொண்டாங்க, பாக்கலாமுங்க" என்றார். மறுவாரம் கொண்டு சென்றோம். திறந்தபோது, உள்ளிருந்த ரப்பர் பட்டை உருகித் தார்போல ஒட்டிக்கிடந்தது. நாடா, அதை இழுக்கும் உருளையில் இறுகச் சுற்றியிருந்தது. ஒரு மணி நேரம் ஊசிமுனையால் அதைப் பிரித்தெடுத்தார். கசங்கிக் கிழிந்த நான்கு அங்குலத்தை மட்டும் வெட்டி ஒட்டவேண்டியதாயிற்று. நாடா நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். ஆகவே நாம் இழந்தது ஏறக்குறைய இரண்டு நொடிப் பேச்சு. சுருளை வேறொரு பேழைக்கு மாற்றி, நல்ல நிலையிலிருந்த தம் பெட்டியில் ஓடவிட்டு, கணினியில் பதிந்து தந்தார். இதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை அம்மாவை வண்டியின் முன்னிருக்கையில் அமர்த்திப் புதிய பெட்டியை முடுக்கினோம். முதலில் இரைச்சல். பிறகு இருபது ஆண்டுகளாக நாம் கேளாத குரல். 'அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி' என்று தொடங்கிற்று. பெரிய உபதேசம் எதுவுமில்லை. நூல் விலை ஏறியிருப்பது, மழை பொய்த்தது, வண்டிக்கு டயர் மாற்றியது, தொழுகையை விடவேண்டாமென்பது, பணம் அனுப்ப முடியாத மாதத்திலும் கடிதம் அனுப்பவேண்டுமென்பது. எங்கோ தொலைவில் அஸருடைய பாங்கு; அது முடியும்வரை அத்தா அவர்கள் பேச்சை நிறுத்தியிருந்த மௌனம். வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு சிறு துள்ளல். "இங்கே என் பெயரைச் சொல்லி, 'உன் அம்மா நலம்' என்பார்கள், அருகில் இருந்து நானே கேட்டேன்" என்றார்கள் அம்மா. முகத்தில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். நாம் வெளியே வந்து நின்றோம்.

இதுபோன்ற பெட்டிகள் ஆகுமா ஆகாதா என்று நம்மவர் சிலர் வாதிப்பதுண்டு. பெட்டி ஒரு பாத்திரம். ஊற்றுவது பாலா நஞ்சா என்பது ஊற்றுபவரைப் பொறுத்தது என்பதே நம் எண்ணம். நம்மை அலைக்கழிப்பது வேறொரு கேள்வி. வண்டியில் ஏறும் குழந்தை நம்மை நம்பி உறங்குகிறது. அந்த உறக்கம் ஓர் அமானத். 'அப்போதைக்கு' என்று நாம் கட்டிய ஒரு செம்புக் கம்பி அந்த அமானத்தில் செய்த மோசடியே. முதியவர்களின் சொல்லும் அமானத்தான். எழுத்தறியாத அம்மா சொன்னது உண்மையாகவும், படித்த நாம் புன்னகைத்தது அறியாமையாகவும் முடிந்தது.

புதிய பெட்டியில் மத்திய அலை இல்லை. 936-க்கு இனி அங்கே இடமில்லை. அதற்காக வருந்தினாலும் பயனில்லை. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தொலைவு கஸ்ருத் தொழுகைக்குக்கூடப் போதாது. அந்தச் சிறு பயணத்தில்தான் இத்தனையும் கற்றோம். வாசகர்கள் தத்தம் வண்டியின் பியூஸ் பெட்டியை இன்றே ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். நம் அத்தா அவர்களின் மக்பிரத்துக்காகவும் அந்தப் பட்டறைப் பெரியவரின் நலனுக்காகவும் துஆச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.