நுணலும் தேரையும்

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் ஒரே பாட்டில் நுணலையும் தேரையையும் ஒலிக்க விடுகிறார். இரண்டின் குரலுக்கும் வெவ்வேறு வினைச்சொல் இடுகிறார். கணவன் மனைவி இருவருமே தமிழ் கற்பிப்பவர்கள் நாங்கள். இருபது ஆண்டுகளாக அப்பாட்டை நடத்தும்போதெல்லாம், 'இரண்டும் தவளை வகை' என்று ஒரே வரியில் கடந்துவந்தோம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது.

தோட்டத்தில் அல்லி வளர்க்கச் சிறு குளமொன்று கட்டியிருந்தோம். சென்ற ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் வெண்ணுரை அப்பியிருந்தது. யாரோ சோப்பு நீரை ஊற்றிவிட்டார்கள் என்றெண்ணித் துடைப்பத்தால் வழித்துக் குப்பையில் எறிந்தோம். கல்லூரியில் விலங்கியல் துறை நண்பரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசவில்லை.

"அது மரத்தவளையின் கூடு, ஐயா. நுரைக்குள் முட்டைகள் இருந்திருக்கும். பொரிந்தவை நீரில் விழட்டும் என்றுதான் நீருக்கு மேலே அதைக் கட்டுகிறது" என்றார்.

அன்றிரவு முதல் கைவிளக்குடன் குளக்கரையில் அமரலானோம். முட்டையைப் பார்த்தே இனத்தை அறியலாம் என்று மெல்லப் புரிந்தது. கருமணி கோத்த நீண்ட சரங்களாய் அல்லித்தண்டைச் சுற்றிக் கிடந்தால் அவை தேரையினுடையவை. சில நாளில் கன்னங்கரிய தலைப்பிரட்டைகள் கூட்டமாய்த் திரியும். நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடுபோல் ஒரே அடுக்காய் மிதந்தால் அவற்றை இட்டது குறுவாய்த் தவளை. அதன் தலைப்பிரட்டைகளின் உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. வளர்ந்தவற்றிலும் குழப்பமில்லை. தேரைக்குச் சொரசொரத்த தோலும் கண்ணுக்குப் பின்னே புடைத்த சுரப்பியும் உண்டு. மரத்தவளைக்கு விரல் நுனிதோறும் வட்டத் தட்டு.

பின்னர் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கப் பழகினோம். தேரையின் குரல் விட்டுவிடாமல் நீண்டு அதிர்வது. மரத்தவளை கட்டையைத் தட்டுவதுபோல் இடைவிட்டு ஒலிக்கும். கட்டைவிரல் நுனியளவே உள்ள குறுவாய்த் தவளையோ, உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத உரத்த கரகரப்பில் இரவை நிறைத்துவிடும். பேயனார் இரண்டு வினைச்சொற்களைத் தேடியது யாப்புக்காக அன்று. அவர் இரண்டு குரல்களைக் கேட்டிருந்தார்.

இவ்வாண்டு அப்பாட்டு வந்த நாளில், வழக்கமான அந்த ஒரு வரியை நாங்கள் சொல்லவில்லை. துடைப்பத்தால் வழித்தெறிந்த நுரையைப் பற்றிச் சொன்னோம்.