குதிரைக்கு நாற்பது பீஸ்

தமிழ்க் கவிதைக்குள் குதிரை வந்த அளவுக்குத் தமிழ்நாட்டுத் தெருவுக்குள் வந்ததில்லை. அய்யனார் கோயில் வாசலில் சுட்ட மண்ணாக நிற்கிறது. சங்கப் பாட்டில் காதல் கைகூடாதவன் பனைமடலைக் குதிரை என்று சொல்லி ஏறுகிறான். மாணிக்கவாசகர் கதையில் இரவானதும் நரியாகிவிடுகிறது. பாண்டியர் கப்பலில் வரவழைத்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாதவர் கையில் வருஷா வருஷம் செத்துப்போனதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். மண், ஓலை, மாயம், இல்லாவிட்டால் பிணம். கொள்ளு தின்று, லத்தி போட்டு, ஈ விரட்டிக்கொண்டு நிற்கிற குதிரையைத் தெரிந்தவர்கள் நம் எழுத்தாளர்களில் அபூர்வம்.

எனக்கு ஒன்றைத் தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்த ஒரு பையனுடையது அது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். 1996 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினான். 2001 மாசியில், மஞ்சள் காமாலை கண்டு 11 நாளில், 26 வயதில் இறந்தான். பெயரை எழுதப்போவதில்லை, அவன் தங்கைக்குப் பிடிக்காது.

அந்தியூர்ச் சந்தையில் திப்பு சுல்தான் குதிரை வாங்கினான் என்று சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று நெடிய உருப்படிகள் வரும், பார்க்கக் கூட்டம் கூடும். இவன் வாங்கியது ஒரு கிழட்டு ஜட்கா வண்டிக்காரர் ஓட்டி வந்த சிவப்பு மட்டக்குதிரை, பெட்டை. ஜட்காவுக்குச் சவாரி அற்றுப்போன காலம். முதுகில் வண்டியின் வார் அழுத்திய இடத்தில் மயிர் இல்லை. அந்த வழுக்கையைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசினானாம்.

அவன் ஆட்கள் காங்கேயம் பக்கத்துக்காரர்கள். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்ட கொறங்காடுகளில் பிறத்தியார் மாடு மேய்த்த குடும்பம். காளைக்குப் பேர் போன மண் அது. காளை உழும், இறைக்கும், பாரம் இழுக்கும், ரேக்ளாவில் ஓடிப் பரிசும் வாங்கும். அந்த மண்ணில் குதிரை வைத்திருப்பது பணக்காரன் செய்தால் பெருமை, ஏழை செய்தால் பைத்தியம். ஊரில் அவனுக்கு இரண்டாவது பெயர்தான் கிடைத்தது.

திருப்பூரின் கணக்கு வேறு. அங்கே எல்லாம் பீஸ், டஜன், ஷிப்ட். காலை எட்டரைக்கு நுழைந்தவன் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் அது ஒன்றரை ஷிப்ட், அதுதான் சாதாரணம். சனிக்கிழமை இரவு சம்பளம். ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் ஞாயிறும் உண்டு. இவன் ஞாயிறு மட்டும் போகமாட்டான். பொறுப்பற்றவன் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனை வாரம் தவறாமல் கட்டினான். குதிரைச் செலவு எப்படி என்று கேட்டதற்கு, “நித்தமும் மொத நாப்பது பீஸ் அதுக்குங்ணா. மிச்சம் ஊட்டுக்கு” என்றான். முதல் நாற்பதை எதற்கு ஒதுக்கினான் என்பது, அவன் போன பிறகும் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம். மிச்சத்தை அல்ல, முதலை.

செகாவ் 1886இல் எழுதிய கதை ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன், கேட்க ஆளில்லாமல் கடைசியில் தன் குதிரையிடம் சொல்லி அழுகிறான். நீட்சே 1889 ஜனவரியில் தூரின் நகரத் தெருவில் அடிபட்ட குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சித்தம் சிதறினார் என்பது சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. இவர்கள் தங்கள் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு குதிரையிடம் போகிறார்கள். காஃப்காவின் முதல் புத்தகத்தில் ஒரு சின்னஞ்சிறு பத்தி உண்டு. அதில் சவாரியின் ஆனந்தமே பேசப்படுகிறது, ஆனால் முடிவதற்குள் குதிரையின் கழுத்தும் தலையும் காணாமற்போய்விடுகின்றன. அங்கேயும் நிஜக் குதிரைக்கு இடமில்லை.

இந்தப் பையன் குதிரையிடம் எதையும் கொண்டுபோகவில்லை. நான் பார்த்தவரை, அதன் அருகே போகும்போது அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஞாயிறு விடியலில் அவினாசிக்கு வடக்கே, சேவூர்ப் பக்கத்து இட்டேரிகளில் போவான். இருபுறமும் வேலியடைத்த, வண்டி ஒன்றே போகக்கூடிய அந்தத் தடங்கள் அப்போது நிறைய மிச்சமிருந்தன. சில நாள் நான் சைக்கிளில் பின்னால் போயிருக்கிறேன். சினிமாவில் வருகிற பாய்ச்சல் எதுவும் கிடையாது. பெரும்பாலும் நடைதான், எப்போதாவது சின்ன ஓட்டம். “காதப் பாக்கோணுங்ணா, அதுலதான் எல்லாம் இருக்குது” என்பான். காது முன்னால் குவிந்தால் எதையோ கவனிக்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் பாதையையும் இவனையும் சேர்த்துக் கேட்கிறது. இரண்டும் பின்னால் படிந்தால் கிட்டே போகாதே. அரை மணி, முக்கால் மணி, அந்தக் காதுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போவான். வேலிக்குள்ளிருந்து மயில் ஒன்று படபடத்துக் கிளம்ப, குதிரை பக்கவாட்டில் ஓர் எட்டுத் துள்ள, இவன் அதன் கழுத்தில் சரிந்து சிரித்த சிரிப்பு வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. குதிரை சத்தமாகக் காற்றுப் பிரித்தாலும் அதே சிரிப்புத்தான். இதில் தத்துவம் எதுவும் இல்லை.

ஒருசில ஊர்த் தெருக்கள் வந்தால் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து நடந்தே கடப்பான். தெரு முடிந்ததும் ஏறுவான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்டில் யார் எந்தத் தெருவில் குதிரைமேல் உட்காரலாம் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியல்ல. அவனாகத்தான் ஒருநாள் சொன்னான்: “இந்த வளவுல அதுக்கு நடக்கறதுதானுங்ணா புடிக்கும்.” முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வாக்கியத்தில் இருப்பது அடக்கமா, எகத்தாளமா, தற்காப்பா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றும் இருந்திருக்கலாம். ஏழையின் சந்தோஷம் வெகுளித்தனம் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நொய்யலில் மட்டும் தண்ணீர் காட்டமாட்டான். ஒருமுறை பாலத்தடியில் குதிரை முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டதாம். சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரியில். குதிரை முந்திக்கொண்டது.

நம் வட்டத்தில் சந்தோஷம் என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. துக்கம் என்றால் ஆழம், சந்தோஷம் என்றால் வாரப்பத்திரிகை என்று ஒரு ஏற்பாடு எழுதாமலே இருந்துவருகிறது. வணிக எழுத்தின் போலிச் சிரிப்பை மறுப்பதற்காக இது ஒரு காலத்தில் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் மறுப்பே பழக்கமாகி, பழக்கமே ரசனையாகிவிட்டது. விளைவு, இந்தப் பையனைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினால் அவன் சாவதுதான் கதையாகும். ஐந்து வருஷ ஞாயிறுகள் முன்னுரையாகிவிடும். குதிரை ‘விடுதலையின் படிம’மாகிவிடும். அவன் ஓட்டியது படிமத்தை அல்ல. அதற்குக் கொள்ளு வேகவைக்க வேண்டியிருந்தது, லாடம் தேய்ந்தால் அடிப்பதற்கு ஆள் தேட வேண்டியிருந்தது. (கொங்கு நாட்டில் மனிதரும் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமுமாகத்தான் வளர்கிறோம். ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேருக்கும் எடுத்து வைப்பாள் அவன் அம்மா.)

சுந்தரர் கயிலைக்கு வெள்ளானைமேல் கிளம்பியது தெரிந்ததும் சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, அதிலேறிப் பின்தொடர்ந்த கதையை ஒருநாள் அவனுக்குச் சொன்னேன். நாம் அழைக்காமல் வந்தது எப்படி என்று சேரமானைச் சிவன் கேட்டதையும் சொன்னேன். “குதிர இருக்கறப்போ போவாம என்னுங்ணா பண்ணுவாரு?” என்றான். காதில் ஓதியது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவன் போன பிறகு அவன் அம்மா பேசியது சேரமானைப் பற்றியல்ல, அவினாசி முதலையைப் பற்றி. விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாட, விட்டுப்போன வருஷங்களின் வளர்த்தியோடு கரையில் கொண்டுவந்து விட்டதே, அந்த முதலை. “அந்தப் பாட்டு இப்பவும் பாடறாங்கதானுங்க?” என்று என்னிடம் கேட்டாள். பாடுகிறார்கள் என்றேன்.

அந்த வருஷம் ஆடியில் அந்தியூருக்கு அவளோடு நானும் போனேன். ஐந்து மாதம் அவளே தீனி வைத்திருந்தாள், குதிரை இளைக்கவில்லை. வாங்க வந்தவர் உதட்டைப் பிரித்துப் பல் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முதுகு வழுக்கையைப் பார்த்தார்.

“வண்டிக்குங்களா வெச்சிருந்தீங்க?”

“இல்லீங்க. பையன் ஏறுவான்.”

விலை படிந்தது. அவர் தன் கயிற்றைப் பூட்டிக்கொண்டு பழையதை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோபி வழியாக வரும் திருப்பூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது.