மாமாவின் எடைச் சீட்டுகள்

ஈஜிபுராவில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணச் செய்தி ஒரு நாழிகைக்குள் தெரு முழுவதும் பரவிவிடும். நோய்ச் செய்தி பரவாது. அதிலும் சில நோய்களின் பெயரை வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில்தான் சொல்லுவோம். நம் இல்லத்தில் பல ஆண்டுகள் பெயர் சொல்லப்படாமலே இருந்த ஒரு நோயைப் பற்றி இன்று எழுத முன்வந்துள்ளோம். நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிக் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலம் கழிப்பவர். கண்ணாற் கண்டதையும், பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதையுமே இங்கே கூறுகிறோம். நோயுற்றவரான நம் மாமாவின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே எழுதத் துணிந்தோம். “என் பேர் வேண்டாம், வேண்டுமானால் அக்கா பேரைப் போடு” என்றார் அவர். அம்மாவோ தம் பெயரும் வேண்டாம் என்று கூறிவிட்டார்.

மாமா அம்மாவுக்கு இளையவர். போளூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கொத்து வேலைக்காக இங்கு வந்தவர். கோரமங்கலாவில் இன்று உயர்ந்து நிற்கும் மாடிகள் சிலவற்றின் சுவர்களில் அவருடைய கரணை பட்டிருக்கிறது. 58 கிலோ எடையுள்ள உறுதியான உடம்பு. 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. பின்னர் நில்லாத பேதி. அதன்பின் வாய் முழுதும் வெண்புண். ஆறு திங்களுக்குள் உடம்பு 36 கிலோவாயிற்று. இடுப்பில் கைலி நில்லாமல், கயிற்றை இருமுறை சுற்றிக் கட்டிக்கொண்டார். ஒரு மருத்துவ விடுதியில் இரத்தம் சோதித்தார்கள். முடிவைத் தாழ்வாரத்தில், பத்துப் பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்லி, வீட்டுக்கு அழைத்துப் போகும்படி கூறிவிட்டார்கள். எச்.ஐ.வி. என்ற அந்த மூன்றெழுத்தை அன்றுதான் நாம் முதன்முதலாகக் கேட்டோம். அந்நோய் எவ்வாறு வந்ததென்று அம்மா அவரைக் கேட்டதில்லை, நாமும் கேட்கவில்லை.

இனிச் சொல்லவிருப்பது நமக்கு நாணம் தருவது. வீட்டிலிருந்த பாட்டி, மாமாவின் தட்டின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு, அதனைத் தனியே வைத்தார். மாமாவுக்குத் திண்ணையோரம் படுக்கை. உணவை எடுத்துச் சென்று வைப்பது நம் வேலை. அப்பொழுது நமக்குப் பதினைந்து வயது. தட்டைத் தரையில் வைத்து, அவர் அருகே செல்லும்படி காலால் தள்ளிவிடுவோம். நாய்க்குக்கூட அவ்வாறு வைப்பதில்லை. மாமா ஒரு சொல்லும் சொன்னாரில்லை. கையை நீட்டி இழுத்துக்கொள்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மா இதனைக் கண்டார். நம்மைக் கடியவில்லை. மறுநாள் முதல் தாமே தட்டை எடுத்துச் சென்று, பக்கத்தில் அமர்ந்து, சோற்றைப் பிசைந்து கொடுத்தார். உண்ட தட்டாலோ, குடித்த குவளையாலோ, தொடுவதாலோ இந்நோய் பரவுவதில்லை என்பதை நாம் அறிந்தது பின்னரே. அம்மாவுக்கும் அன்று அது தெரியாது. தெரியாமலேதான் சென்று அமர்ந்தார்.

இந்த மெலிவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு மக்கள் இந்நோய்க்கு ‘மெலிவு நோய்’ என்றே பெயரிட்டிருந்தனர். 1985-ஆம் ஆண்டில் மருத்துவ ஏடுகளிலும் அப்பெயர் ஏறியது. இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானே குறைந்து, அத்துடன் ஒரு மாதத்துக்குக் குறையாத பேதியோ காய்ச்சலோ இருக்குமாயின் அதனை எச்.ஐ.வி. சார்ந்த மெலிவு என்பர். மாமாவின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு ஆறு கிலோவுக்கும் குறைவு. அவர் இழந்ததோ 22 கிலோ. வெறும் பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பைச் செலவழித்துத் தசையைக் கூடுமானவரை காக்கும். இந்நோயிலோ தசையும் உடன் கரைகிறது. வாய்ப்புண்ணால் உணவு உட்செல்வதில்லை. சென்றதும் குடலில் சேர்வதில்லை. காய்ச்சலோ இருப்பதையும் எரிக்கிறது. இவற்றுக்கிடையே காசநோய் ஒளிந்திருப்பதும் மிகுதி. ஆதலின் எடை குறைந்தால் சளியையும் சோதித்தல் வேண்டும். மாமாவுக்கும் காசம் இருந்தது.

அம்மா உணவாலேயே தம்பியை மீட்டுவிடலாம் என்று நம்பினார். ஆட்டு ஈரல், நாட்டுக்கோழி முட்டை, பூண்டு சேர்த்த பால் என ஒரு மாதம் பாடுபட்டார். அப்பாவின் சம்பளத்தில் பாதி அதற்கே சென்றது. எடை கூடவில்லை. அம்மாவைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஒரு நாட்டின் அமைச்சரே அவ்வாறு நம்பியதுண்டு. தென்னாப்பிரிக்காவில் 1999 முதல் 2008 வரை சுகாதார அமைச்சராக இருந்த மண்டோ ஷபலாலா மசிமாங் என்பார் பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் போற்றி, மருந்து குறித்து ஐயம் எழுப்பி வந்தார். அந்நாட்டில் மருந்து தாமதமானதால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என்று 2008-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கிட்டனர். அவர் பதவியிலிருந்து செய்ததை நம் அம்மா அடுக்களையிலிருந்து செய்தார். ஆனால் அம்மா ஒரு மாதத்தில் தவற்றை உணர்ந்துகொண்டார்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனீதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனைச் செய்தவர்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. நம் ஊரில் பௌரிங் மருத்துவமனையிலும் அது கிடைத்தது. எனினும் மாமா அங்கே போக உடன்படவில்லை. “அங்கே போனா மேஸ்திரி பார்ப்பான், சித்தாளுங்க பார்ப்பாங்க” என்றார். ஆகவே தாம்பரம் என்று முடிவாயிற்று. 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளர்க்கென நிறுவிய இடம் அது. பின்னர் அரசுடைமையாகி, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அருகிலுள்ள இரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். கண்டோன்மெண்டில் வண்டி ஏறிச் சென்டிரலில் இறங்கி, பூங்கா நிலையத்தில் மின்வண்டி பிடித்து, அப்பாவும் நாமும் மாமாவைத் தாங்கிச் சென்றோம். தாங்கினோம் என்பதைவிடத் தூக்கினோம் என்பதே பொருந்தும். அங்கே வரிசையில் நின்றிருந்தவர்களில் கன்னடம் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் இருந்தனர். எல்லாரும் தம் ஊரில் தம்மைக் காணக்கூடாது என்று வந்தவர்களே போலும்!

முதலில் காசத்துக்கு மருந்து. சில வாரங்கள் கழித்தே எச்.ஐ.வி.க்கு மருந்து. இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால்தான் அன்று மருந்து தொடங்குவர். மாமாவுக்கு 64. (2017 முதல் அந்த வரம்பு இல்லை, நோய் தெரிந்த உடனேயே மருந்து தொடங்கப்படுகிறது.) அங்கிருந்த செவிலியர் ஒருவர் அம்மாவுக்கென்று உணவு முறையைச் சொல்லியனுப்பினார். அதனை நாமே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தோம்.

அதன்படி நடந்ததைச் சற்று விரித்தே கூறுவோம். இன்று எவர்க்கேனும் பயன்படலாம். காரம் முற்றிலும் நின்றது. வாய்ப்புண் ஆறும்வரை குழைந்த பச்சரிசிக் கஞ்சியும், பாசிப்பருப்பும், நன்றாக வெந்த முட்டையும்தான். அரைவேக்காட்டு முட்டை கூடாது. காய்ச்சாத நீர் கூடாது. மூன்று வேளை வயிறு நிறைய என்பதை விடுத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு குவளை. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக மிகுதியாகக் கொடுப்பதும் தீங்கு என்று அச்செவிலியர் எச்சரித்திருந்தார். பேதி இருந்த நாள்களில் உப்புச் சர்க்கரைக் கரைசல். வாய் ஆறியபின் கேழ்வரகுக் கூழ். ஒவ்வொரு குவளையிலும் ஒரு கரண்டி நல்லெண்ணெய். அவ்வெண்ணெயை மாமா வெறுத்தார். அம்மாவோ அவர் கண்ணெதிரே ஊற்றமாட்டார்.

நோய் முற்றிய நிலையில் வழக்கத்தைவிட நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு கூடுதலான உணவு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். பார்க்கப்போனால் ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரண்டு முட்டை, இரண்டு வாழைப்பழம். ஈரலும் கோழியும் வாங்கி அப்பா பட்ட கடனை எண்ணினால் இன்றும் நமக்கு வருத்தமே.

மருந்து வாங்க மாதம் ஒருமுறை பயணம். புறப்படும்பொழுதெல்லாம் நிலையத்திலிருந்த எடை பார்க்கும் இயந்திரத்தில் மாமா ஏறி நிற்பார். காசு போட்டதும் விளக்குகள் சுழலும். ஒரு சிறு அட்டைச் சீட்டு விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் சோதிடம். முதற்சீட்டில் 36. அடுத்ததில் 35, அன்று அவர் வண்டியில் பேசவேயில்லை. பின்னர் 37, 40, 44. நாற்பது வந்த சீட்டின் மறுபுறம், பெரும் பதவி கிட்டும் என்று அச்சிட்டிருந்ததாக நினைவு. ஓராண்டு கழிந்தபின் 53. மீண்டும் கரணையைக் கையில் எடுத்தார்.

ஆயினும் கன்னங்கள் மட்டும் ஒட்டியே இருந்தன. கைகால்களும் நரம்பு தெரிய மெலிந்தே இருந்தன. எடை ஏறியும் முகம் ஏறவில்லையே என்று அம்மா இன்னும் எண்ணெயை ஊற்றினார். அது உணவுக் குறையன்று. அக்காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் என்னும் மருந்து முகத்திலும் கைகால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைக்கும் இயல்புடையது. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனைக் கைவிடும்படி அறிவுரை கூறியது. மருந்து மாறிய பின்னும் மாமாவின் கன்னக் குழி முழுவதும் நிரம்பவில்லை. அதனாலேயே தெருவில் சிலர் அவரை இன்னும் நோயாளியாகவே பார்த்தனர்.

இப்பொழுது நம் சாளரத்துக்கு வருவோம். ஏ.ஆர்.டி. நிலையங்களுக்குச் செல்லும் நோயாளருக்கு இரண்டாம் வகுப்பில் கட்டணம் பாதி. அதற்கான சான்றிதழில் நோயின் பெயர் அச்சிட்டிருக்கும். அதனைக் கொண்டு வருவோரைக் கண்டதுமே நமக்குத் தெரிந்துவிடும். வரிசை குறையட்டும் என்று தூணோரம் நிற்பார்கள். நாம் தாளை வாங்கியதும் எழுத்து உட்புறம் இருக்கும்படி மடித்து வைத்துக்கொண்டு, ஊரையும் நாளையும் மட்டுமே வாய்விட்டுக் கேட்கிறோம். ஒருவருடைய நோயை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று 2017-இல் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் மடிப்பது சட்டத்துக்காக அன்று. திண்ணையோரம் நீண்ட அந்தக் கையை நினைத்து. இரயில்வேயில் இத்தகைய சலுகை உண்டென்று அறியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. அவர்கள் தம் மருந்து நிலையத்திலேயே அதற்கான படிவத்தைக் கேட்டுப் பெறலாம். நோய் பற்றிய ஐயங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு.

மாமா இப்பொழுது ஓசூரில் காவற்பணி செய்கிறார். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தார். புதிய மருந்தில் பசி நன்றாக எடுப்பதாகவும், எடை 71 ஆகிவிட்டதாகவும், மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகவும் கூறினார். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கீறல் போட்ட அந்தத் தட்டு இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. மற்றத் தட்டுகளோடு கலந்துவிட்டது. எவர் முன்னே அது வருகிறதென்று கழுவும்பொழுதுதான் தெரியும். அன்று அது நமக்கு வந்திருந்தது.