விதைநெல்லும் நாகுக் கன்றும்

தெற்கு அல்பேர்ட்டாவில் அக்டோபர் கடைசியில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். மூன்று இரவுகள் வேலியின் இரு பக்கமும் கதறல் ஓயாது. கல்கரிக்குத் தெற்கே ஒரு பண்ணைக்குப் பதினோராவது ஆண்டாகக் கணக்கெழுதுகிறேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பழகவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் பசு நின்றது பாலுக்காக. ஈன்றால் கடும்புப் பால் அயல்வீடுகளுக்குப் போகும். பிறகு கன்றுக்கு ஒரு முலை, எங்களுக்கு மூன்று. இங்கே ஒரு சொட்டும் கறப்பதில்லை, அத்தனையும் கன்றுக்குத்தான். கன்றுதான் விளைச்சல். ஆண்டுக்கு ஒரு பசு, ஒரு கன்று. அந்த ஒன்று தாயின் 365 நாள் செலவையும் சுமக்க வேண்டும்.

செலவில் பெரியது குளிர்காலத் தீவனம். ஒரு பசு நாளுக்கு ஏறத்தாழ 14 கிலோ உலர்புல் தின்னும். 200 நாளுக்கு 2,800 கிலோ. கடுங்குளிரில் இன்னும் கூடும். அதன்மேல் பொலிகாளை, மருந்து, வேலி, டீசல், வங்கி வட்டி. 100 பசுவில் சில சினைப்படாது, சில கன்றுகள் பிழைக்காது. 85, 90 தேறினால் நல்ல ஆண்டு. கன்று தராத பசு தின்றதும் மற்றக் கன்றுகளின் தலையில்தான் விழும்.

சென்ற ஏலத்துக்குப் பண்ணைப் பெரியவருடன் போனேன். பதினைந்து கன்றுகள் வளையத்துக்குள் வந்தன. சராசரி எடை 550 இறாத்தல். ஏலக்காரர் மூச்சு விடாமல் கூவ, வாங்குவோர் விரலை அசைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பெரியவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். இறாத்தலுக்கு 10 சதம் இறங்கினால் கன்றுக்கு 55 டொலர் போகும். 90 கன்றுக்கு 4,950 டொலர்.

கன்றை வாங்கிக் கொழுக்க வைத்து விற்பவர் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறார். கொழுத்த மாடு என்ன விலை போகும் என்று சிகாகோ முன்பேரச் சந்தையைப் பார்க்கிறார். அதிலிருந்து பார்லி விலை, வட்டி, தன் இலாபம் எல்லாவற்றையும் கழிக்கிறார். மிஞ்சுவதுதான் கன்றின் விலை. கன்று வளர்ப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மேற்குக் கனடாவின் கொழுத்த மாடுகளில் பெரும்பகுதியோ ஹைரிவர், புரூக்ஸ் என்ற இரண்டு ஊர்களின் இறைச்சி ஆலைகளுக்குப் போகிறது. கிளிநொச்சியில் களத்தில் நெல் குவிந்திருக்கையில் அப்பாவுக்கு விலை சொன்னது லொறியோடு வந்த வியாபாரி. கடன்காரர் வாசலில் நிற்க, அப்பாவால் மறுக்க முடிந்ததில்லை. உயிரை வளர்த்தவருக்கு அதன் விலையில் ஒரு சொல்கூட இல்லாதது அங்கும் அநியாயம், இங்கும் அநியாயம்.

2003 மே மாதம் அல்பேர்ட்டாவில் ஒரே ஒரு பசுவுக்குப் பித்தப்பசு நோய் உறுதியானது. அமெரிக்கா எல்லையை மூடியது. உயிர்மாடுகள் மறுபடி தெற்கே போக 2005 ஜூலை ஆயிற்று. விலை விழுந்து, நோயே அணுகாத பட்டிகளும் அந்த இரண்டு ஆண்டில் அழிந்தன.

இப்போது கன்றுக்கு நல்ல விலை. வறட்சியாலும் தீவன விலையாலும் மந்தைகள் குறைந்துவிட்டன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க மாட்டு மந்தை 1951க்குப் பிறகு மிகச் சிறியதாக இருந்தது. விலை ஏறினால் மந்தையைப் பெருக்கலாமே என்று தோன்றும். பெருக்க வேண்டுமென்றால் பெண் கன்றை, எங்கள் ஊரில் நாகு என்போம், விற்காமல் நிறுத்த வேண்டும். இந்த இலையுதிர்காலத்தில் நிறுத்தும் நாகின் முதல் கன்று ஏலத்துக்கு வர இரண்டு ஆண்டாகும். அதுவரை அதன் தீனிச் செலவு நம்முடையது. அன்றைய விலையோ யார் கையிலும் இல்லை.

திரும்பும் வழியில் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பன்னிரண்டை நிறுத்துவோம். கணக்கில் எழுது” என்றார். அப்பா நினைவுக்கு வந்தார். கடன் எவ்வளவு நெருக்கினாலும், நெல் எவ்வளவு விலை போனாலும், விதைநெல் மூட்டையில் அவர் கை வைத்ததில்லை.