முழங்கைக் கட்டியும் பித்தக் குழாயும்

ரமணாசிரமத்தில் பகவான் ரமணர் கடைசியாக இருந்த சின்ன அறையை எட்டிப் பார்ப்பவர்கள், அவர் மறைந்தது 1950 ஏப்ரல் 14, இரவு 8.47 என்று நேரம் சொல்வார்கள். அப்போது வானில் ஓடிய எரிநட்சத்திரத்தைச் சொல்வார்கள். அதற்கு முன் நடந்த நான்கு ஆபரேஷன்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

*

1949 பிப்ரவரி. இடது முழங்கை அருகே சிறு கட்டி. ஆசிரமத்து டாக்டர்களே எடுத்தார்கள், புண்ணும் ஆறியது. சீக்கிரமே மறுபடி கிளம்பியது. மார்ச்சில் சென்னையிலிருந்து டாக்டர் ராகவாச்சாரி வந்து அறுத்தார். சோதனையில் சார்கோமா என்ற புற்று. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது. நடுவில் கையையே எடுத்துவிடலாம் என்று யோசனை வந்தது, பகவான் சம்மதிக்கவில்லை.

*

சார்கோமா பார்வைக்குச் சாது. சுற்றிலும் உறை இருப்பதுபோல் தெரியும். அந்த உறையிலேயே புற்றணு ஒளிந்திருக்கும். கட்டியை மட்டும் தோண்டினால் போதாது, நல்ல சதையையும் சேர்த்து அறுக்க வேண்டும். ஸ்கேன் இல்லாத காலத்தில் முழங்கைக் கட்டியைப் பார்த்து யார் அப்படி நினைத்திருப்பார்கள்? அந்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டில் ஆட்டோக்காரர் ஒருவர். மாமனாருக்குப் பித்தக் குழாயில் புற்று. "காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம் சார். வலியே இல்ல, அரிப்புதான் தாங்கல." வலியில்லாத காமாலை, வெளுத்த மலம், ஓயாத அரிப்பு: குழாய் அடைபட்டிருக்கலாம் என்று அர்த்தம். அடைப்பைக் கீழாநெல்லி திறக்காது.

*

இங்கேயும் வெட்டும் ஓரம்தான் பிரச்சினை, அங்கே புற்று மிஞ்சக் கூடாது. கீழ்முனையில் புற்றென்றால் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் சேர்ந்து போகும், அதுதான் விப்பிள் ஆபரேஷன். கல்லீரல் வாசலில், குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் என்றால் கல்லீரலில் ஒரு பங்கையும் வெட்டி, மிச்சக் குழாயோடு குடலை இழுத்துத் தைக்க வேண்டும். நோயாளி மேசையில் இருக்கும்போதே வெட்டிய ஓரத்தை உறையவைத்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். ஆனால் பகவானின் கையில் மேலே வெட்ட இடம் இருந்தது. இங்கே மில்லிமீட்டர் கணக்கு. பலருக்கு அறுவைக்கே வழியிருக்காது, ஸ்டென்ட் என்ற சிறு குழலை அடைப்பில் வைத்துக் காமாலையை மட்டும் இறக்குவார்கள்.

*

ஆட்டோக்காரரிடம் நான் சொன்னது: ஸ்டென்ட் வைக்கும் முன்பே ஸ்கேன் எடுத்து, கல்லீரல் சர்ஜன் ஒருவரிடம் காட்டுங்கள். வைத்த பிறகு எடுத்தால் புற்று எதுவரை என்று பிடிபடுவது கஷ்டம். முதல்வர் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.